நிலக் குத்தகை நீடிப்பும் புவனா அக்காவின் கையெழுத்தும்

புதிதாக இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் என்னைவிட நன்றாக ஜேர்மன் பேசுகிறவர்கள். சொற்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சொற்கள் அகராதியில் இருக்கின்றன. நீதிமன்றத்தில் எப்படிப் பதிவது, சத்தியம் எப்படிச் செய்வது என்பதை எல்லாம் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். ஓர் அறையில் எல்லோரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நானும் சொல்லித்தரப் போவதில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்களாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

முப்பத்து மூன்று வயதில் ஓய்வுபெற்ற ஆளைப்போலப் பேசுகிறான் என்று சிரிக்க வேண்டாம். அடுத்த மாதம் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறேன். மொழிபெயர்ப்பு வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வுபெற்றவன்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பிராங்பேர்ட்டில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அவருடைய நண்பர்கள் தபாலில் வருவதை எல்லாம் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். “தம்பி, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாரும்” என்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன். அதோடு நிற்காமல், என்ன செய்யலாம் என்றும் சொல்வேன். வாடகை, வரி, விசா எல்லாவற்றிலும் மீசை முளைக்கும் முன்பே கருத்துச் சொன்னவன் நான். பின்னால் பரீட்சை எழுதி முறைப்படி மொழிபெயர்ப்பாளன் ஆனபோது நான் விடவேண்டியிருந்த முதல் பழக்கமே அதுதான். நம் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளன் என்றால் பாதி வக்கீல், பாதி வீட்டுப் பிள்ளை. உங்களையும் அப்படித்தான் நினைப்பார்கள். தயாராக இருங்கள்.

இது நடந்தது இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், ஒரு குளிர்காலத்தில். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் போகும் தூரத்தில் ஒரு சிறு நகரம். அங்கே ஆறு வீடுகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடம். அது நிற்கும் நிலம் ஒரு தேவாலயச் சபைக்குச் சொந்தமானது. ஜேர்மனியில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நிலம் சபைக்கோ நகரசபைக்கோ சொந்தமாக இருக்கும். அதன்மேல் நிற்கும் வீடு மட்டும் உங்களுடையது. நிலத்துக்கு ஆண்டுதோறும் குத்தகை கட்டவேண்டும். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலக்காரர் ஓர் இழப்பீட்டைத் தந்துவிட்டுக் கட்டடத்தையும் எடுத்துக்கொள்வார். இந்தக் கட்டடத்துக்கு மிச்சமிருந்தது இருபது சொச்சம் வருடம். அவ்வளவு குறைந்த காலம் உள்ள வீட்டை வாங்க வங்கி எதுவும் கடன் கொடுக்காது. சபை குத்தகையை நீடிக்கச் சம்மதித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், குத்தகை கட்டடம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றுதான். ஆறு வீட்டுக்காரரும் கையெழுத்திட வேண்டும். வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் இடவேண்டும். ஒருவர் மறுத்தாலும் மற்ற எவருக்கும் நீடிப்பு இல்லை.

இந்த நீடிப்பு மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டது கீழ்வீட்டுக் கெல்லர் அம்மாவுக்கு. எழுபது கடந்தவர். ஊன்றுகோலோடு நடப்பவர். வீட்டை விற்றுவிட்டு மியூனிக்கில் இருக்கும் மகனிடம் போகக் காத்திருந்தார். வாங்குகிற ஆள் தயார். அந்த ஆளின் வங்கி, குத்தகை நீடித்தால்தான் கடன் என்று சொல்லிவிட்டது. அந்த வார முடிவுக்குள் நீடிப்பு இல்லையென்றால் வேறு வீடு பார்ப்பதாக வாங்குகிறவரும் சொல்லியிருந்தார்.

மேல்மாடியில் இருந்தவர்கள் குணம் அண்ணையும் புவனா அக்காவும். அண்ணை விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை. அக்கா விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் வேலை. வீடு இருவர் பெயரிலும் இருந்தது.

இந்த மாதிரிப் பத்திரங்களை நொத்தாரிசு முன்னால்தான் முடிக்கவேண்டும். இங்கே நொத்தாரிசு என்றால் வெறுமனே முத்திரை குத்துகிறவர் கிடையாது. முழுப் பத்திரத்தையும், எத்தனை பக்கம் ஆனாலும், எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கையெழுத்திட வந்த ஒருவருக்கு ஜேர்மன் போதாது என்றால் வாசிக்கும் அத்தனையையும் அவருக்கு மொழிபெயர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேனா. நொத்தாரிசு அலுவலகத்துப் பெண் ஒருநாள் ஏதோ விபரம் கேட்க அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். அக்கா எடுத்திருக்கிறார். நாலு வார்த்தையில் விஷயம் விளங்கிவிட்டது. அலுவலகம் என்னைக் கூப்பிட்டது.

கையெழுத்து நாளுக்கு இரண்டு நாள் முன்பாகக் குணம் அண்ணை என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

“தம்பி, நொத்தாரிசிட்டைப் போற நாளுக்கு நீர்தானே வாறது?”

“ஓம் அண்ணை.”

“நல்லதாப் போச்சு. எங்கடை பொடியன். வேறை ஆரும் வந்தாக் கரைச்சல்.”

“என்ன கரைச்சல்?”

“கரைச்சல் ஒண்டுமில்லை. அந்தக் காணிப் பகுதி வருமெல்லே, அதை நீட்டி முழக்காமல் விடும். பழைய உறுதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கினம் எண்டு சொன்னாப் போதும்.”

“அக்காவுக்குக் காணியின்ரை கதை தெரியாதோ?”

அந்தப் பக்கம் ஏதோ வண்டி பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

“வீடு வாங்கேக்கை அவ வந்து கொஞ்ச நாள்தான். டொச் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. அப்ப இருந்த நொத்தாரிசு கேட்டவர், மனிசிக்கு விளங்குமோ எண்டு. நான் விளங்கும் எண்டனான். அவவும் தலையை ஆட்டினவ. பிறகு எப்பிடித் தம்பி சொல்லுறது? தன்ரை நகை முழுக்கக் கழட்டித் தந்தவ. நீ காணியில்லாத வீட்டுக்குத்தான் தாலிக்கொடியைத் தந்தனி எண்டு வாய் திறந்து சொல்லேலுமோ?”

இங்கே பிறந்த உங்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றலாம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வீடு வாங்கினார் என்றால், எத்தனை பரப்புக் காணி என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்கு எத்தனை அறை என்பது அதற்குப் பிறகு. காணி அடுத்தவருடையது, வீடு மட்டும் என்னுடையது என்றால், அதை அங்கே வீடு வாங்கினதாகவே எடுக்க மாட்டார்கள். அண்ணை ஏமாற்றுக்காரர் இல்லை. கிடைத்த விலைக்குக் கிடைத்த வீட்டை வாங்கியவர். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டார். பிறகு ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கஷ்டமாகிப் போனது.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு முன்னால் சில வழிகள் இருந்தன. வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அண்ணை சொல்வதைக் கேட்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பார், அக்காவுக்கு அந்தப் பகுதி போய்ச் சேராது. நானே அக்காவுக்கு எடுத்துச் சொல்லலாம். பழைய ‘வீட்டுப் பிள்ளை’ அதைத்தான் செய்திருப்பான், ஆனால் ஒரு கணவன் மனைவிக்குச் சொல்லவேண்டியதை நான் தொலைபேசியில் சொல்ல எனக்கு என்ன உரிமை? நொத்தாரிசிடம் முன்கூட்டியே சொல்லலாம். இதை இன்றைக்கும் சில நண்பர்கள் சரியான வழி என்கிறார்கள். அவர்கள் சொல்வது பிழை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அறைக்குள் எல்லாமே வாசிக்கப்படப் போகிறது. வாசிப்பதை ஒன்றுவிடாமல் சொல்வது என் வேலை. அதை நான் ஒழுங்காகச் செய்தால் அக்காவுக்குத் தெரியவேண்டியது தெரியும். அதற்கு முன்னால் அண்ணைக்கு இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

“அண்ணை, வாசிக்கிறது முழுக்க நான் சொல்லத்தான் வேணும். ஒண்டும் விடேலாது. அதுக்கு முதல் நீங்கள் அக்காவுக்குச் சொல்லிப்போடுங்கோ.”

“ஓம், ஓம். சொல்லுறன்.”

“எப்ப?”

“நீர் என்ன, பொலிஸோ?” என்று சிரித்தபடி வைத்துவிட்டார்.

கையெழுத்து நாளன்று நான் நொத்தாரிசு அலுவலகத்துக்குப் போனபோது அறை நிறைந்திருந்தது. நீண்ட மேசை. தலைப்பக்கத்தில் நொத்தாரிசு, நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி. அவருக்கு வலப்பக்கம் தேவாலயச் சபையின் பிரதிநிதி, ஒல்லியான மனிதர். மற்ற வீட்டுக்காரர்கள் சுற்றிவர. கெல்லர் அம்மா ஊன்றுகோலைக் கதிரை முதுகில் கொளுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். குணம் அண்ணை எனக்கென்று ஒரு கதிரையை ஒதுக்கி வைத்திருந்தார். அவருக்கு இந்தப் பக்கம். அவருக்கு அந்தப் பக்கம் அக்கா.

“அண்ணை, நான் அக்காவுக்குப் பக்கத்திலை இருக்கோணும்.”

“இஞ்சை இரும். எனக்குச் சொல்லும், நான் அவவுக்குச் சொல்லுறன்.”

“அப்பிடிச் செய்யேலாது அண்ணை.”

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை எழுந்து இடம் விட்டார். இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கே உட்காருவது என்பதை வேறொருவர் தீர்மானிக்க விடாதீர்கள். அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்திருந்தால், மிச்சம் எதையும் நான் இங்கே எழுதவேண்டி வந்திராது.

அக்கா குளிருடுப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். கைப்பை மடியில்.

“தம்பி, கெதியா முடியுமோ? பின்னேரம் எனக்கு வேலை.”

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணையைப் பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் சொல்லவில்லை என்று அதிலிருந்து எனக்கு விளங்கிவிட்டது.

நொத்தாரிசு வாசிக்கத் தொடங்கினார். பெயர்கள், பிறந்த திகதிகள், முகவரிகள். அவர் ஒரு பந்தி வாசிப்பார், நிறுத்துவார், நான் சொல்வேன். பிறகு அந்தப் பந்தி வந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு வசதியான வழி திறந்து கிடந்தது. சட்டத் தமிழ். ‘அசையா ஆதனத்தின் உரித்தாளர்’, ‘கட்டட உரிமையின் தவணை’ என்று தொடங்கி ஒரு வசனத்தைச் சரளமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பிழை என்று எந்த நிபுணரும் சொல்ல முடியாது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அவர் தலையாட்டியிருப்பார். அண்ணை என்னை வாழ்நாள் முழுக்க வாழ்த்தியிருப்பார். படித்தவனுக்கு ஒளிந்துகொள்ள இந்த மாதிரி இடங்கள் நிறைய உண்டு. அக்கா வீட்டில் என்ன சொல்லைப் பாவிப்பாரோ அந்தச் சொல்லை எடுத்தேன்.

“வீடு நிக்கிற காணி தேவாலயச் சபைக்குச் சொந்தம். வீட்டுக்காரருக்கு அந்தக் காணியிலை வீடு வைச்சிருக்கிற உரிமை மட்டும் இருக்கு. அந்த உரிமைக்கு ஒரு காலம் இருக்கு. அது முடிய, வீடும் சபைக்குப் போகும்.”

நொத்தாரிசு அடுத்த பந்திக்கு வாயைத் திறந்தார். அக்கா கையை உயர்த்தினார், வகுப்பறையில் உயர்த்துவதுபோல.

“ஆற்றை காணி?”

“யாருடைய நிலம்?” என்று ஜேர்மனில் கேட்டேன்.

“சபையின் நிலம்” என்றார் நொத்தாரிசு.

“எங்கடை வீடு நிக்கிற காணியோ?”

“ஆம். கட்டடம் நிற்கும் நிலம் முழுவதும்.”

அக்கா அண்ணையின் பக்கம் திரும்பினார். “இவ என்ன சொல்லுறா?”

“அது சும்மா, சட்டத்துக்கு அப்பிடி எழுதுறது” என்றார் அண்ணை.

நான் அதை ஜேர்மனில் சொன்னேன். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். “சட்டத்துக்காக அப்படி எழுதவில்லை. உண்மையும் அதுதான்.” இதைத் தமிழில் சொன்னேன்.

“அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்றார் அக்கா.

மொழிபெயர்க்கும்போது பேசுகிறவராகவே பேசவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ‘அவர் சொல்கிறார்’ என்று சேர்ப்பதில்லை. ஆகவே நான் ஜேர்மனில், “அப்படியானால் நான் கையெழுத்திட மாட்டேன்” என்றேன்.

கெல்லர் அம்மா ஊன்றுகோலைப் பிடித்தபடி முன்னுக்குச் சாய்ந்தார். “மன்னிக்கவேண்டும், யார் மாட்டாராம்? மொழிபெயர்ப்பாளரா?”

யாரோ சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. மேசைக்கு மேலால் என்னிடம் குனிந்தார்.

“தம்பி, இனி அங்காலை சொல்லாதையும். இது எங்கடை வீட்டுக் கதை.”

இதுதான் அந்த இடம். அண்ணை எனக்கு அந்நியர் இல்லை. அப்பாவோடு ஒரே அகதி முகாமில் இருந்தவர். நான் பரீட்சை பாஸ் பண்ணியபோது வீடு தேடி வந்து கை கொடுத்தவர். அதோடு, வீட்டுக் கதையை வெளியாட்கள் முன்னால் பேசுவது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். ஜேர்மன்காரருக்கு அது தெரியாது. ‘இருவரும் கொஞ்சம் ஆலோசிக்கிறார்கள்’ என்று நொத்தாரிசிடம் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பொழுதில் நான் யோசித்தது ஒன்றுதான். நான் அந்த அறையில் இருப்பது அக்காவின் குரலுக்காக. அதை மறிக்கும் கதவாக நான் இருக்க முடியாது. அண்ணைக்கு ஜேர்மன் தெரியும், அவருக்கு நான் தேவையில்லை.

நொத்தாரிசு கேட்டார்: “என்ன சொன்னார்?”

“இதற்குமேல் அவர்களுக்குச் சொல்லாதே, இது எங்கள் வீட்டு விஷயம்” என்றேன்.

தன்னுடைய வசனத்தைத் தானே ஜேர்மனில் கேட்ட அண்ணையின் கழுத்து சிவந்தது. “நீர் எல்லாம் ஒரு மனிசனோ?”

அதையும் சொன்னேன். சபைக்காரர் இருமினார்.

இதன் பிறகு கொஞ்ச நேரம் நான் கணவனாகவும் மனைவியாகவும் மாறி மாறி ஒரே குரலில் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். “எல்லாருக்கும் காணி வாங்கினனாங்கள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.” “ஆர் உம்மைச் சொல்லச் சொன்னது?” “நீங்கள்தான்!” “நான் வீடு எண்டுதான் சொன்னனான்.” “வீடெண்டால் அந்தரத்திலையோ நிக்கும்?” மேசையைச் சுற்றி இருந்தவர்கள் யார் பேசுவது என்று பிடிக்க என் முகத்தை விட்டு அண்ணை, அக்கா முகங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். நல்லதுதான். பார்க்க வேண்டியவர்களை அப்போதுதான் பார்த்தார்கள்.

கெல்லர் அம்மா பொறுமை இழந்தார். “நிலம் சபையுடையது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! இந்தக் கட்டடத்தில் இது தெரியாத ஒருவர் உண்டா?”

பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதுபோல்தான் அதைச் சொன்னார். இப்படிப்பட்டவற்றைச் சிலர் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. அக்கா அதைக் கேட்டுச் சற்று நேரம் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார்.

“எல்லாருக்கும் தெரியுமாம். கீழ்வீட்டு மனிசிக்குத் தெரியும். குப்பை எடுக்க வாறவனுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் தெரியாது.”

ஜேர்மனில் இதைக் கேட்டபோது கெல்லர் அம்மா சாய்ந்து உட்கார்ந்தார்.

நொத்தாரிசு நிறுத்தலாம் என்றார். விளங்காமல் யாரும் தன் முன்னால் கையெழுத்திடத் தேவையில்லை, வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். வேறொரு நாள் என்றதும் கெல்லர் அம்மாவின் வாய் கோணியது. வீடு விற்காமல் போனால் அவர் மியூனிக்குக்குப் போக முடியாது, இந்தக் காலோடு தனியாகவே இருக்கவேண்டும். ‘அக்கா, அந்த அம்மா பாவம்’ என்று ஒரு சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்ல நான் யார்? அக்கா தானாகவே கவனித்தார்.

“உவ ஏன் அழுமாப்போலை இருக்கிறா? கேளுங்கோ தம்பி.”

கேட்டேன். கெல்லர் அம்மா தன் காலைப் பற்றி, மகனைப் பற்றி, வாங்குகிறவரின் வங்கியைப் பற்றி, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரே கட்டடத்தில் இருந்தும் அவர்கள் இருவரும் அதுவரை மாடிப்படியில் வணக்கம் சொன்னதோடு சரி. அக்கா முடியும்வரை கேட்டார்.

“சரி. நாள் மாத்த வேண்டாம். முதல்லை நான் கேக்கிறதுக்கு மறுமொழி வரட்டும்.”

நொத்தாரிசு என்னைப் பார்த்தார். சொன்னேன். கேளுங்கள் என்று கையைக் காட்டினார்.

“நீங்கள் சொல்ல வேண்டாம் தம்பி. இந்த அம்மா திருப்பி வாசிக்கவும் வேண்டாம். இவர் சொல்லட்டும்.”

“என்னத்தைச் சொல்ல?” என்றார் அண்ணை.

“காணி ஆற்றை எண்டு.”

“இப்பதானே வாசிச்சவை.”

“வாசிச்சது அவை. நீங்கள் சொல்லுங்கோ.”

அண்ணை மேசையைப் பார்த்தார். சபைக்காரர் தன் பேனாவைப் பார்த்தார். நொத்தாரிசு என் பக்கம் திரும்பினார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன், மொழிபெயர்க்க இன்னும் ஒன்றும் வரவில்லை. சங்கடமான அமைதியை நிரப்ப ஏதாவது சொல்லிவிடும் ஆசை உங்களுக்கும் வரும். வாயை மூடிக்கொண்டிருங்கள்.

“காணி எங்கடை இல்லை, புவனா” என்றார் அண்ணை. “சேர்ச்சின்ரை. வாங்கேக்கையே அப்பிடித்தான். எனக்குத் தெரியும்.”

நான் ஜேர்மனில் சொன்னேன்: “நிலம் எங்களுடையதில்லை. சபையுடையது. வாங்கும்போதே அப்படித்தான். எனக்குத் தெரியும்.” அவர்கள் எல்லோருக்கும் ஆண்டாண்டாகத் தெரிந்த செய்தி. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை.

அக்கா தலையை ஆட்டிவிட்டு நொத்தாரிசின் பக்கம் திரும்பினார்.

“இனி உங்களிட்டைக் கேக்கிறன். எங்களை எழும்பச் சொல்லுவினமோ?”

சபைக்காரர் முந்திக்கொண்டார். பொதுவாகவே சபை நீண்டகால உறவையே விரும்புகிறது என்று தொடங்கினார். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன், அதன் வழுக்கலோடு.

“இது என்ன மறுமொழி? கலியாணத்துக்குச் சம்மதமோ எண்டு கேட்டால் பெடியன் நல்ல பெடியன் எண்ட மாதிரி.”

சபைக்காரரும் சிரித்துவிட்டார். நொத்தாரிசு தானே பதில் சொன்னார், சின்னச் சின்ன வசனங்களில். குத்தகையை ஒழுங்காகக் கட்டும்வரை, காலம் முடியும்வரை, யாரும் எழும்பச் சொல்ல முடியாது. இரண்டு வருடக் குத்தகை பாக்கி விழுந்தால் சபை வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். இன்றைக்குக் கையெழுத்திட்டால் காலம் உங்கள் ஆயுளைத் தாண்டிப் போகும், குத்தகை கூடும். இடாவிட்டால் குத்தகை பழையபடி, நீங்கள் வயதாகி இருக்கும்போது காலம் முடியும். நிலத்தை விற்பீர்களா என்று அக்கா கேட்டார். இல்லை என்றார் சபைக்காரர், இந்தமுறை ஒரே சொல்லில்.

அக்கா யோசித்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

“இனிமேல் சேர்ச்சிலை இருந்து வாறது எல்லாம் என்ரை பேருக்கும் வரட்டும். தனியா. அதை இதிலை எழுதுங்கோ.”

நொத்தாரிசு பேனாவை எடுத்துப் பத்திரத்தின் கரையில் கையால் இரண்டு வரி எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் வாசித்தார். நான் தமிழில் சொன்னேன். மறுப்பு உண்டா என்று கேட்டார். அண்ணை, “எழுதட்டும்” என்றார். பிறகு மிச்சப் பக்கங்களும் வாசிக்கப்பட்டன, அக்கா ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். வேலைக்குப் பிந்துகிறது என்று ஒருமுறை நினைவூட்டினேன். “அது நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். நினைவூட்டியதும் என் வேலை இல்லைதான். எல்லோருக்கும் கடைசியாக, தமிழில், எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தார்.

இதற்குப் பிறகு நம் ஆட்கள் சிலர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அப்பாவுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன்ரை மகன் குடும்பத்துக்குள்ளை நெருப்பு வைக்கிறான் என்று. அப்பா என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் செய்தது சரியா என்று நீங்கள் கேட்டால், மறுபடி அந்த அறையில் இருந்தாலும் அதையேதான் செய்வேன் என்று மட்டும் சொல்லமுடியும். உங்களில் ஒருவர் வேறு மாதிரிச் செய்யலாம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒருவர் பேசுவதை நீங்கள் நல்ல மனதோடு மறித்தால், அவருக்குப் பதிலாக முடிவெடுத்தது நீங்கள்.

அன்றைக்குக் கையெழுத்து முடிந்ததும் நாங்கள் மூவரும் ஒரே எஸ்-பானுக்காக நின்றோம், அவர்கள் விமான நிலையத்துக்கு, நான் வீட்டுக்கு. வேறு வழியில்லை, அந்த நகரத்துக்கு அது ஒன்றுதான். அண்ணை ரயில் மேடையின் ஓரத்தில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு எனக்கு அருகில் வந்தார். அக்கா நாலடி தள்ளி நின்றார்.

“நீர் படிச்ச பொடியன்” என்றார் அண்ணை. “உமக்கு உதெல்லாம் விளங்காது. அவவுக்கு மனசு நோகக்கூடாது எண்டுதான் இவ்வளவு காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான். நகையைத் தந்த மனிசியிட்டை என்னெண்டு சொல்லுறது? ஒவ்வொருமுறையும் இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு…”

அவர் இன்னும் பேசினார். நகை அடகு வைத்த நாள், வீட்டுச் சாவி வாங்கிய நாள், அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார்.

“இஞ்சருங்கோ” என்றார் அக்கா, இருந்த இடத்திலேயே நின்று. “உதையேன் தம்பிக்குச் சொல்லுறியள்? எனக்குச் சொல்லுங்கோ.”

எஸ்-பான் வந்தது. அவர்கள் ஏறியதைப் பார்த்துவிட்டு நான் அடுத்த பெட்டியில் ஏறினேன்.